பால்மரச் சரிவில் ஒரு வீடு: முதல் செலவு மண்ணுக்குக் கீழே

கேள்வி: சார், பத்தாங் காலியிலிருந்து எழுதுகிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிப் போட்ட நிலம் முக்கால் ஏக்கர் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. நிலத்துக்கு மேலே ரோடு, கீழே ஓடை, நடுவில் முழுக்கச் சரிவு. கிழட்டுப் பால்மரமும் காடுமாகக் கிடக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் நான்கைந்து வீடுகள் உண்டு. எனக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த மாடர்ன் வீடு ஆசை. அண்ணனின் நண்பர் ஒரு கான்ட்ராக்டர். எக்ஸ்கவேட்டரை இறக்கினால் ஒரே வாரத்தில் மட்டமாக்கித் தருகிறேன் என்கிறார். அண்ணன் அதே நிலத்தில் இன்னொரு சின்ன வீடு கட்டி ஹோம்ஸ்டே விடலாம் என்கிறார். என் மனைவி சின்னதாக ஒரு நீச்சல்குளம் கேட்கிறாள். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. 2022 மண்சரிவுக்குப் பிறகு அந்த நிலத்தில் கால் வைக்கவே பயப்படுகிறார். சர்வேயர் போட்ட வரைபடத்தை இணைத்திருக்கிறேன். கட்டலாமா? 
வாசகர், பத்தாங் காலி

பதில்:

தம்பி, கட்டலாம். ஆனால் அந்தக் கான்ட்ராக்டர் சொல்கிற மாதிரி வேண்டாம். நீங்கள் எல்லோரும் ஆசைப்பட்ட அத்தனையையும் அந்த முக்கால் ஏக்கரில் அடுக்கவும் முடியாது. அம்மாவின் பயத்தை யாரும் கேலி செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் அந்த நிலத்தைச் சரியாகப் படித்திருப்பவர் அவர்தான்.

வரைபடத்தைப் பார்த்தேன். ரோட்டோரத்திலிருந்து 24 மீட்டர் கீழே போவதற்குள் தரை 13 மீட்டர் இறங்கிவிடுகிறது. கோணக் கணக்கில் 28 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். நம் மலேசியாவில் சரிவுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 15 டிகிரி வரை முதல் வகுப்பு, 25 வரை இரண்டாவது, 35 வரை மூன்றாவது, அதற்கும் மேலே போனால் நான்காவது. உங்களுடையது மூன்றாம் வகுப்பு. நான்காவதாக இருந்திருந்தால் வேறு நிலம் பாருங்கள் என்று இரண்டே வரியில் பதிலை முடித்திருப்பேன். மூன்றாவதில் வீடு நிற்கும், ஆனால் விதிமுறைப்படி நிற்க வேண்டும். மண் ஆய்வு, மண்ணையும் சரிவையும் ஆராயும் ஜியோடெக்னிக்கல் பொறியாளரின் அறிக்கை, வடிகால் வரைபடம் எல்லாம் இல்லாமல் யாரும் உங்களுக்கு அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது.

இப்போது அந்த ஒரு வாரத்து மட்டத்துக்கு வருவோம். பன்னிரண்டு மீட்டர் அகலத்துக்கு மேடை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சரிவில் அந்த அகலத்துக்குள்ளேயே ஆறரை மீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கிறது. மேல் பாதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப் பாதியில் கொட்டுவதுதான் வழக்கமான வழி. மேல் பக்கம் வெட்டிய முகத்தை 45 டிகிரிக்குச் சாய்த்து விட்டாலும், அது பழைய தரையோடு போய்ச் சேர்வதற்குள் ஏழு மீட்டர் உயரம் வந்துவிடும். கீழ்ப் பக்கம்தான் இதைவிட மோசம். கொட்டிய மண்ணை வழக்கமாக ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கில் சாய்ப்பார்கள், அதாவது ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். உங்கள் தரையே ஏறக்குறைய அந்த அளவுக்குச் சாய்ந்து கிடப்பதால், கொட்டிய மண்ணின் அடி தரையைத் தொட மேடையின் ஓரத்திலிருந்து இன்னும் 26 மீட்டர் கீழே போக வேண்டியிருக்கும். பன்னிரண்டு மீட்டர் மேடைக்காக மேலிருந்து கீழ்வரை 45 மீட்டர் நிலத்தைக் கலைக்கிறீர்கள். அவ்வளவு நீளத்துக்கு உங்களிடம் இடமே இல்லை, நடுவில் ஓடை வந்துவிடும். அப்போது கான்ட்ராக்டர் என்ன செய்வார்? குறுக்கே ஒரு சுவரை எழுப்பி, அதன் பின்னால் மண்ணை நிரப்புவார். அந்தச் சுவர் தாங்குமா என்பதுதான் பிறகு உங்கள் குடும்பத்தின் ஆயுள் கேள்வியாகிவிடும்.

சட்டமும் இதை விடாது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, மண்வேலைக்கான வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வாங்காமல் வெட்டவோ நிரப்பவோ கூடாது. அனுமதி வாங்க ஒரு வாரம் போதாது என்பது உங்கள் அண்ணனின் நண்பருக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரம் பெரும்பாலும் கிரானைட். வெயிலிலும் மழையிலும் அந்தப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளாக உளுத்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகிக் கிடக்கிறது. இடையிடையே உளுக்காத பெரிய பாறாங்கற்கள் அந்த மண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும். காய்ந்த காலத்தில் இந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதைப் பார்த்துத்தான் கான்ட்ராக்டர்கள் ஏமாறுகிறார்கள். புட்டு மாவில் அளவாகத் தண்ணீர் தெளித்துப் பிடித்தால் பிடி நிற்கிறது, அதிகமாக ஊற்றினால் குழைந்து சரிகிறது அல்லவா, அதே கதைதான் இங்கும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற கொஞ்ச ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. மழை உள்ளே இறங்கி இடைவெளிகளெல்லாம் நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். கொட்டி நிரப்பிய மண்ணில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

2022 டிசம்பர் 16 விடியற்காலையில் உங்கள் ஊரில், கெந்திங் மலைக்குப் போகும் பாதையோரத்துக் கூடார முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முன் நாள்கணக்கில் பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழையின் வேலை அது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்து 48 பேர் போனார்கள். அங்கே கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சரிவு, தடுப்புச் சுவர்கள், ஒழுங்காகப் போகாத வடிகால் எல்லாம் சேர்ந்து அடித்தளத்தைத் தள்ளிவிட்டன. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இரண்டிலும் குற்றவாளி தண்ணீர்தான். உங்கள் வீட்டின் வரைபடம் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும், கண்ணாடியிலிருந்து அல்ல.

சரி, வீட்டை எங்கே வைப்பது? ரோட்டோரமாக, சரிவுக்குக் குறுக்கே, நீளமாக, ஒல்லியாக. ஓடைப் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். அங்கே குளுகுளுவென்று இருக்கும், தெரியும். ஆனால் மேலேயிருந்து வருவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

வீட்டின் அகலத்தை ஆறரை மீட்டரோடு நிறுத்துங்கள். நீளம் பதினெட்டு, இருபது மீட்டர் போகட்டும். ரோட்டின் ஓரத்திலிருந்து ஆறு மீட்டர் தள்ளி வீட்டைத் தொடங்கினால், அந்த இடத்தில் தரை ரோட்டைவிட 3.25 மீட்டர் கீழே இருக்கும். ஒரு மாடியின் உயரத்துக்கு அது தாராளம். அதாவது மேல் தளம் ரோட்டு மட்டத்திலேயே இருக்கும், கீழ்த் தளம் அதற்கு மூன்று மீட்டர் கீழே, ஆனாலும் மண்ணைத் தொடாமல் தூணில் நிற்கும். எங்கேயும் மலையை வெட்ட வேண்டாம், மண்ணைக் கொட்ட வேண்டாம். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் போடுங்கள். காரை ரோட்டோரத் தளத்தில் நிறுத்திவிட்டுப் பாலத்தில் நடந்து வாசலுக்கு வரலாம். பாசி பிடித்த செங்குத்துப் பாதையில் காரை இறக்கி ஏற்றும் கொடுமையும் இல்லை. கீழ்ப் பக்கத் தூண்கள் ஏறக்குறைய நாலு மீட்டர் உயரம் வரும். அவற்றை அடியில் விட்டங்களால் ஒன்றோடொன்று கட்ட வேண்டும், குறுக்குப் பிணைப்பும் வேண்டும். அதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார்.

இப்படிச் செய்தால் அம்மாவின் முட்டிக்கும் வழி பிறக்கும். அவர் அறை, குளியலறை, சமையலறை, சாமி அறை எல்லாம் மேல் தளத்தில், ஒரு படிகூட இல்லாமல். இளையவர்களின் படுக்கையறைகள் கீழே. வழக்கமான மாடி வீட்டைத் தலைகீழாகப் போடுவது மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும்.

அந்தக் காலத்துத் தோட்டங்களைப் பாருங்கள். துரை பங்களா மேட்டில், தூணில், காற்றோட்டமாக இருக்கும். தொழிலாளர்களின் லயம் பள்ளத்தில், ஆற்றோரத்தில், வெள்ளம் வரும் இடத்தில் இருக்கும். தூணில் நிற்பது துரை கண்டுபிடித்த வித்தை இல்லை, மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகள் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான் நிற்கின்றன. உங்கள் அப்பா மேட்டு நிலம் வாங்கியது சும்மா இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி தண்ணீர். உங்கள் நிலத்தில் எனக்குப் பெரிய கவலை மேலே இருக்கிற ரோடுதான். ரோட்டில் விழும் மழை எங்கே போகிறது? லோங்காங், அதாவது ரோட்டோர வடிகால், இருக்கிறதா, அது எங்கே முடிகிறது? கிராமத்து ரோடுகளில் பல நேரம் அது யாருடைய நிலத்திலாவது அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கும். அந்த வாய் உங்கள் நிலத்தில் இருந்தால், வீட்டு வரைபடத்துக்கு முன்னால் அதற்கு வழி பண்ணுங்கள். ஒரு நல்ல மழையின்போது குடையோடு போய் ரோட்டில் நின்று பாருங்கள், போனில் வீடியோ எடுத்துப் பொறியாளரிடம் கொடுங்கள். எந்த அறிக்கையும் அந்த அளவுக்கு உதவாது.

வீட்டுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரு சிமெண்டு வடிகால் போட்டு, மேலிருந்து வரும் தண்ணீரை மறிக்க வேண்டும். மண்ணில் தோண்டிய வெறும் வாய்க்கால் கூடாது, அது தண்ணீரை மண்ணுக்குள்ளேயே இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டின் பக்கவாட்டில் படிக்கட்டு மாதிரி இறங்கும் வடிகால் வழியாக ஓடை வரை கொண்டுபோக வேண்டும். நடுநடுவே மண் தேங்கும் தொட்டிகள் இருக்கட்டும், அவற்றை அள்ளிச் சுத்தம் செய்ய ஆளும் இருக்கட்டும். கூரைத் தண்ணீரையும் இதிலேயே விடுங்கள். 170 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 17,000 லிட்டர். அதைச் சரிவில் சும்மா கொட்டவிட்டால், நீங்களே குழாய் வைத்து மலையை நனைப்பதற்குச் சமம். குடிநீர்க் குழாயை மண்ணில் புதைக்காமல் பாலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கொண்டுவாருங்கள். புதைத்த குழாய் மூட்டு விட்டுக் கசிந்தால் பில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

மண் ஆய்வில் சிக்கனம் பார்க்காதீர்கள். சின்ன வீடுதானே என்று மெக்கின்டாஷ் புரோப் மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். கம்பியைச் சுத்தியலால் அடித்து இறக்கும் சோதனை அது. சமமான நிலத்தில் பரவாயில்லை. உங்கள் நிலத்தில் கம்பி ஒரு மிதக்கும் பாறாங்கல்லில் முட்டி நின்றால், அடியில் கெட்டி இருக்கிறது என்று காகிதத்தில் வந்துவிடும். குறைந்தது மூன்று ஆழ்துளைகளாவது போட்டு, பாறையைத் தொட்டால் அதற்குள்ளும் துளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்றும் குறிக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி இடத்தில் பெரும்பாலும் மைக்ரோபைல் என்ற ஒல்லியான துளை அடித்தளம் பொருந்தும். அதன் இயந்திரம் சிறியது, சரிவில் இறங்கும், பாறாங்கல்லையும் துளைத்துப் போகும். செலவு அதிகம்தான். வீடு முடிந்ததும் யாரும் வந்து பார்த்துப் பாராட்டாத செலவு. அதற்காக வீட்டைச் சின்னதாக்குங்கள், ஒரு அறையைக் குறையுங்கள், இத்தாலி டைல்ஸை மறந்துவிடுங்கள்.

மரங்களில் இரண்டு விஷயம். வீடு நிற்கும் இடம், அதைச் சுற்றி விழுந்தால் கூரையைத் தொடுகிற தூரம், இவ்வளவில் இருக்கிற கிழட்டுப் பால்மரங்களை எடுத்துவிடுங்கள். காற்றில் சட்டென முறிகிற மரம் அது, இலையுதிர் காலத்தில் கூரை வாய்க்காலை அடைத்துவிடும். ஆனால் வெட்டும்போது வேரோடு பிடுங்க வேண்டாம். அடியோடு அறுத்துவிட்டு வேரை மண்ணுக்குள் விட்டுவிடுங்கள். அந்த வேர் சில ஆண்டுகளில் மக்கி, பிடிப்பை இழக்கும். அதற்குள் புது வேர் இறங்கியிருக்க வேண்டும், ஆகவே வெட்டுகிற அதே பருவத்தில் வெட்டிவேரும், தோட்டங்களில் மண்ணை மூடப் போடுவார்களே அந்தக் கொடிப்பயிரும் நட்டுவிடுங்கள். மற்ற இடத்துக் காட்டைத் தொடாதீர்கள். லாலான் புல் முளைத்து அசிங்கமாக இருக்கிறது என்று அண்ணன் மருந்தடிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். அப்புறம், கீழ்ப் பகுதியில் காட்டுச் சேம்பு அடர்ந்து நிற்கிறதா, மரங்களின் அடித்தண்டு வில் மாதிரி வளைந்திருக்கிறதா, பிறை வடிவத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். சேம்பு நீர் கசியும் இடத்தைக் காட்டும். மற்ற இரண்டும் மண் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அவற்றில் எது இருந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் பொறியாளரை அழைத்துப் போங்கள்.

கண்ணாடி ஆசைக்கு வருகிறேன். உங்கள் சரிவு மேற்கைப் பார்த்தது. காட்சி அருமையாக இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறையில் உட்காரத்தான் முடியாது. நம் நாட்டில் சூரியன் தலைக்கு நேர் மேலேயே போவதால் வடக்கு, தெற்குச் சுவர்களைக் கூரையின் இறக்கமே காப்பாற்றிவிடும். மேற்கில் தாழ்ந்து வரும் வெயிலைக் கூரை மறைக்காது. அதனால் மேற்குப் பக்கம் நீளத்துக்கும் இரண்டு மீட்டர் வராந்தா விட்டு, அதன் வெளி ஓரத்தில் மடக்கித் திறக்கும் பலகைத் தட்டிகள் வையுங்கள். கண்ணாடி அதற்கு உள்ளே இருக்கட்டும். காட்சிக்காக மரங்களை மொட்டையடிக்க வேண்டாம், இரண்டு மூன்று கிளைகளை நீக்கினாலே போதும். மீதி மரம் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். தட்டை கான்கிரீட் கூரை மாடர்னாகத் தெரியும், காட்டுக்குள் அது இலையும் தண்ணீரும் தேங்கும் தொட்டியாகிவிடும். நல்ல சாய்வுள்ள தகரக் கூரை, அடியில் வெப்பமும் சத்தமும் தடுக்கும் பஞ்சு, அதுவே போதும். சட்டகத்துக்கு இரும்பு நல்லது. எடை குறைவு, அந்தக் குறுகிய ரோட்டில் சின்ன லாரியில் துண்டு துண்டாகக் கொண்டுவரலாம், கரையானுக்கும் வேலையில்லை. வெட்டிய பால்மரத்தை வராந்தாவுக்குப் பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்தேற்றாத பால்மரம் வெளியே வைத்தால் பூச்சியும் பூஞ்சையும் பிடித்துச் சீக்கிரமே போய்விடும்.

யாரும் யோசிக்காத ஒன்று செப்டிக் டேங்க். ரோடு மேலே, வீடு கீழே. கழிவு மேல்நோக்கி ஓடாது, கழிவு எடுக்கும் லாரி கீழே இறங்காது. தொட்டியை லாரியின் குழாய் எட்டும் தூரத்தில், வீட்டின் பக்கவாட்டில் வைக்க முடியுமா என்று முதல் வரைபடத்திலேயே பாருங்கள். அதிலிருந்து வெளியேறும் நீரும் வடிகாலுக்குப் போக வேண்டும், மண்ணுக்குள் ஊறக் கூடாது.

காகிதங்களில், பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதை நில அலுவலகத்தில் முடியுங்கள். அண்ணனும் நீங்களும் பங்காளிகள் என்றால் யார் எங்கே கட்டுவது என்று எழுத்தில் இருக்கட்டும். பட்டாவில் நிலத்தின் வகை விவசாயம் என்று இருந்தால், உரிமையாளர் தான் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளத் தேசிய நிலச் சட்டம் வழி விடுகிறது. ஆனால் ஐந்தில் இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், அந்த அளவைத் தாண்டாத நிலத்தில் ஒரே ஒரு வீடுதான். உங்களுடையது முக்கால் ஏக்கர். அண்ணனின் ஹோம்ஸ்டே இங்கேயே விழுந்துவிடுகிறது. நில வகையை மாற்றினால் வழி பிறக்கலாம், ஆனால் இரண்டாவது கட்டடத்துக்கு அந்தச் சரிவில் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. பட்டாவில் சிறப்பு நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் நில வகையைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வரைபடம் போடுகிறவர் கட்டடக் கலைஞர்களின் வாரியமான லெம்பாகா அர்கிடெக் மலேசியாவில் பதிந்தவராக இருக்கட்டும். கடைசியில் குடியேறலாம் என்று தரும் சிசிசி சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் வேலையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவராக இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

அடித்தள வேலையை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை உங்கள் பக்கம் கொட்டித் தீர்க்கும், அந்த மாதங்களில் மண்ணைத் திறந்து போட வேண்டாம். வேலை நடக்கும்போது ஓடைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். மண் கரைந்து ஓடையில் இறங்கினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். பழைய கோலகுபு டவுனே மேலே வெள்ளீயம் தோண்டிய மண் ஆற்றில் படிந்து, வெள்ளத்துக்கு மேல் வெள்ளம் வந்து, வேறு இடத்துக்குப் போன ஊர். இப்போதுள்ள கோலகுபு பாரு அப்படிப் பிறந்ததுதான்.

நீச்சல்குளம். எட்டுக்கு மூன்று மீட்டர், 1.2 மீட்டர் ஆழம் என்றாலே ஏறக்குறைய 29 டன் தண்ணீர், குளத்தின் சொந்த எடை தனி. அதில் ஒரு வெடிப்பு விழுந்தால் அத்தனையும் சத்தமில்லாமல் உங்கள் தூண்களின் அடிக்குப் போகும். வேண்டாம் என்று நான் சொன்னதாகவே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் மேல் கோபம் வர வேண்டாம். குளிக்க ஆசையென்றால் உலு யாமில் சுங்கை செண்டாட் இருக்கிறது. வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள், மேலே மழை கறுத்திருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம்.